மிச்ச எழுத்துகள்

இஸ்மாயிலின் பெயரை முதன்முதலில் அச்சில் போட்டவன் நான். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லித் திரிந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

என் பெயர் பெஞ்சமின். பினாங்கில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நாகூர் மீரான் முதலாளியின் அச்சகத்தில் பதினேழு வருஷம் மெஷின் ஓட்டினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். காகிதம் சுருங்கினால் காகிதத்தைத் திட்டுவேன், மை காயாவிட்டால் மழையைத் திட்டுவேன். திட்ட ஒன்றும் கிடைக்காத நாளில் என் மனைவி ரோசலினிடம் போவேன். அவள் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள், அதோடு எனக்குச் சரியாகிவிடும்.

இஸ்மாயில் எங்கள் கம்பாசிட்டர். என்னைவிடப் பத்து வயது இளையவன், ஒல்லி, வாய் அதிகம் பேசாதவன். அவன் பாட்டனார் கப்பலேறி வந்த குடும்பம். இவன் பினாங்கிலேயே பிறந்து பினாங்கைவிட்டு வெளியே போகாதவன். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள் உள்ள மரத்தட்டின் முன்னால் நின்று, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடது கையில் பிடித்த இரும்பு ஸ்டிக்கில் வரி வரியாக அடுக்குவான். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும். எங்களுக்கு அப்படிப் படித்தே பழக்கம்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் அச்சகத்திலிருந்து எட்டுப் பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வரும். கப்பல் வரவு, சரக்கு நிலவரம், இந்தியச் செய்தி, யாருக்காவது கல்யாணம், யாருக்காவது மவுத்து. வியாழக்கிழமை மதியத்துக்குள் எட்டுப் பக்கத்தையும் கோத்து முடித்து இறுக்கி வைத்துவிட வேண்டும். எங்களிடம் எழுத்துக் கையிருப்பு குறைவு. பத்திரிகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம்தான் கிடக்கும்.

அந்த மிச்சத்தை வைத்து இஸ்மாயில் விளையாடுவான். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போய்விடுவார்கள். நான் காகிதக் கட்டுகளின் மேல் காலை நீட்டிப் படுத்திருப்பேன். அவன் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டுத் தட்டின் முன் போய் நிற்பான். எந்த எழுத்து தீர்ந்துவிட்டது, எது மிச்சம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பான். பிறகு இருப்பதை வைத்து ஒரு பாட்டுக் கட்டுவான்.

"என்னடா பண்ணுறே?" என்று முதல் தடவை பார்த்தபோது கேட்டேன்.

"சும்மாண்ணே."

"சும்மான்னா?"

"இந்த வாரம் மூணு கல்யாணச் செய்தி. மணமகன் மணமகள்னு 'ம' எல்லாத்தையும் தின்னுடுச்சு. 'ம' இல்லாம மழையைப் பத்திச் சொல்ல முடியுமான்னு பாத்தேன்."

"முடிஞ்சுதா?"

"எங்கே? தூறல்னு போட்டுச் சமாளிச்சேன்லா." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்த ஆள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வாராவாரம் பார்த்தேன். ஓர் எழுத்தை எடுப்பான், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போடுவான், வேறொன்றை எடுப்பான். வாய்க்குள்ளேயே தாளம் போடுவான். நாலு வரி நின்றதும் ஸ்டிக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூட என் முகத்தில் வைத்திருக்கவில்லை. சில சமயம் என்னிடமும் நீட்டுவான், நான் படித்துச் சிரிப்பேன். ஒரு மணி அடிப்பதற்குள் எழுத்துகளையெல்லாம் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிடுவான். காகிதமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. அடுத்த வாரம் கேட்டால் போன வாரப் பாட்டு அவனுக்கே நினைவிருக்காது.

"ஒண்ணையாவது எழுதி வையேண்டா," என்றேன் ஒரு நாள்.

"எதுக்குண்ணே? அதான் முடிஞ்சு போச்சே."

"நல்லா இருந்துச்சுடா."

"ஆமாண்ணே, நல்லா இருந்துச்சு," என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பிறகு மண்ணெண்ணெய்த் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு விளம்பர நோட்டீசைக் கோக்கப் போய்விட்டான். காலை முதல் மாலை வரை நான் ஓட்டித் தள்ளுகிற குப்பைக்குக் கணக்கே இல்லை. ஊறுகாய் விளம்பரமும் மூலவியாதி மருந்தும் ஆயிரம் பிரதி போகின்றன, இவன் கட்டுகிற பாட்டு மட்டும் தட்டுக்குள்ளேயே செத்துப்போக வேண்டுமா என்று பொருமினேன். இப்படி நான்கு வருஷம் பொருமினேன்.

1926-ஆம் வருஷம், தைப்பூசம் கழிந்த ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் தட்டில் 'க' நிறைய மிச்சம் இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு காக்கை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு வந்ததற்கு இவ்வளவுதான் காரணம். இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊரார் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள்.

கப்பல் ஏறி வந்த காக்கை
கரையில் நின்று கத்துது;
எப்பப் போவேன் எந்த ஊரு
என்று கேட்டுச் சுத்துது.

"எந்த ஊருன்னே தெரியாத காக்காண்ணே," என்று ஸ்டிக்கைக் காட்டிச் சிரித்தான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவன் அதைப் பிரிக்கத் தொடங்குமுன் முதலாளி கூப்பிட்டு, ஒரு புரூப் தாளைக் கப்பல் ஏஜண்டின் ஆபீசில் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளியும் தொழுகைக்குப் போய்விட்டார். நான் மெஷினில் பக்கங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது வேறொரு ஏஜண்டின் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவர்களுடைய கப்பல் தாமதமாம், புறப்பாட்டு அறிவிப்பை உடனே எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தேன். நாலாம் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

ஓட்டையோடு பத்திரிகை வெளியே போனால் முதலாளி என்னைப் பச்சையாகத் தின்றுவிடுவார், அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டேன் என்றுதான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. இந்த மாதிரி ஓட்டையை அடைப்பதற்கென்றே பூச்சாடிப் படம் போட்ட கட்டை ஒன்று அலமாரியில் இருந்தது. அது என் கண்ணில் பட்டது. நான் அதை எடுக்கவில்லை. இஸ்மாயிலின் நாலு வரியை எடுத்து ஓட்டையில் பொருத்தினேன். பொருத்தியதோடு நிறுத்தினேனா? மெஷின்காரனின் தடித்த விரலால் தட்டைத் துழாவி, அதன் கீழே அவன் பெயரையும் கோத்து வைத்தேன். ஐந்தே எழுத்துக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

அவன் திரும்பி வந்தபோது இருநூறு தாள் ஓடிவிட்டது. ஒரு தாளை எடுத்து ஈர மையைத் தொடாமல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் மலரும் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பேரு யாருண்ணே போட்டா?"

"நாந்தான். எப்படி?"

"அது பிரிச்சுப் போட வேண்டியதுண்ணே," என்றான். கோபமே இல்லை. தாளைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான். எனக்குத்தான் கோபம் வந்தது. பெயர் அச்சில் வந்தால் மனுஷன் சந்தோஷப்படமாட்டானா, இதென்ன இழவு வீட்டு மூஞ்சி என்று மெஷினிடம் கத்தினேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி குதித்தார். "யாரைக் கேட்டுய்யா போட்டே? இது பத்திரிகையா, காக்கா கூடா?" என்றார். அடுத்த வாரம் அவர் பேச்சே மாறிவிட்டது. படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்த நாலு வரியை ராகம் போட்டுப் பாடினார்கள். ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் நானே என் கண்ணால் பார்த்தேன். ஒருவர் பத்திரிகையைப் பிடித்துப் படிக்க, பக்கத்தில் இருந்தவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினான்கு பேருடைய கைநாட்டு. 'அந்தக் காக்கை நாங்கள்தானே ஐயா' என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு இஸ்மாயிலிடம் ஓடினேன். அவன் படித்தான், மடித்தான்.

"பாவம்ணே," என்றான். "நான் இவங்களை நினைக்கவே இல்லையே."

மறுநாள் முதலாளி அவனைத் தன் மேசைக்கு எதிரில் உட்காரவைத்தார். அதுவரை அந்த நாற்காலியில் வேலைக்காரர் யாரும் உட்கார்ந்ததில்லை. இனி வாராவாரம் நாலாம் பக்கத்தில் இஸ்மாயிலின் பாட்டு வரும், தலைப்பு 'கண்ணீர்க் கவி' என்று அறிவித்தார்.

"எனக்கு அழுகை ஒண்ணும் வரலியே முதலாளி. காக்கா கத்துச்சு, கோத்தேன்," என்றான் இஸ்மாயில்.

"அதை வெளியிலே சொல்லாதே," என்றார் முதலாளி.

சம்பளம் கொடுக்கிற மனுஷன் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? எழுதினான். மிச்ச எழுத்தில் வேண்டாம் என்று முதலாளி சிங்கப்பூரிலிருந்து புது எழுத்து ஒரு தட்டு நிறைய வரவழைத்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. இஸ்மாயில் அதன் முன்னால் அரை நாள் நின்றான்.

"எல்லா எழுத்தும் இருக்குண்ணே," என்றான் என்னிடம். "எதை வேணும்னாலும் சொல்லலாம். அதான் எதைச் சொல்றதுன்னே தெரியல்ல."

ஆனாலும் வாராவாரம் பாட்டு வந்தது. காத்திருக்கும் தாய், காய்ந்த வயல், கடிதம் வராத வீடு. அவன் ஒரு வயலையும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணே, வரப்புன்னா எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டான். நான் ஐந்து வயதில் கப்பலேறி வந்தவன், எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒரு முழம் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அந்த வாரம் 'முழ வரப்பில் நடந்த காலை' என்று ஒரு வரி வந்தது, அதையும் படித்து ஊரில் அழுதார்கள்.

வியாழக்கிழமை மதியங்களில் அவன் மற்றவர்களோடு கடைக்குச் சாப்பிடப் போகத் தொடங்கினான். தட்டில் மிச்ச எழுத்து தொடுவாரில்லாமல் கிடந்தது. அவனுக்குக் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மடையனுக்கு அவ்வளவுதான் தோன்றும்.

இரண்டு வருஷம் கழித்து, பிட் தெருவில் ஒரு பெரிய வியாபாரி காலமானார். இரங்கல் கூட்டத்தில் இஸ்மாயில் மேடையேறி இருபது வரி வாசிக்க வேண்டும் என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். இறந்தவரை இவனுக்குத் தெரியாது. பழைய இரங்கல் பாக்களை எடுத்துவைத்துக்கொண்டு அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரியாக ஒட்டுப் போட்டான். நானும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தாளைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல் வாசித்தான். கெட்ட பாட்டு. மெஷின்காரனான எனக்கே தெரிந்தது. ஆனால் கூட்டம் தேம்பியது, கடைசியில் ஒருவர் எழுந்து அவனுக்குச் சால்வை போர்த்தினார்.

கூட்டம் கலைந்தபோது அவன் மனைவி ஜன்னத் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். "நீங்க மட்டும் அன்னிக்கு அதைப் போடலேன்னா இவரு யாருன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காதுண்ணே. எங்க சொந்தக்காரங்க இப்பத்தான் எங்களை மதிச்சுப் பேசுறாங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இஸ்மாயில் நின்றான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம்சாட்டுவது ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சண்டைபோடவாவது வழி கிடைத்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய் ரோசலினிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவரு என்னிக்காவது போடச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்பறம் எதுக்கு உங்களுக்கு அந்த வேலை?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன், அன்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

1931-இல் ரப்பர் விலை விழுந்தது, ஊரே விழுந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகை வாங்க ஆளில்லை. முதலாளி அதை நிறுத்திவிட்டு, தீப்பெட்டி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் காலத்தை ஓட்டினார். கண்ணீர்க் கவியை யாரும் கேட்கவில்லை. ஊருக்குச் சொந்தக் கண்ணீரே போதுமானதாக இருந்தது.

ஊர் முழுக்க ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இனி அவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பழைய மதியங்கள் திரும்பி வந்துவிடும் என்று நம்பினேன். புது எழுத்துத் தட்டை முதலாளி விற்றுவிட்டார். பழைய தட்டுதான் மிஞ்சியது, தேய்ந்து உடைந்த எழுத்துகளைக் கழித்ததில் முன்போலவே பாதி அறை காலியாகக் கிடந்தது. சாப்பாட்டு வேளையில் நான் காகிதக் கட்டின் மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையில் மூடவில்லை.

முதல் வாரம் அவன் தட்டின் பக்கமே வரவில்லை. இரண்டாம் வாரம் வந்து நின்றுவிட்டுப் போனான். மூன்றாம் வாரம் ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். ஒரு எழுத்து வைத்தான், இன்னொன்று வைத்தான், மூன்றாவதும் வைத்தான். அப்படியே நின்றான். பிறகு மூன்றையும் எடுத்து அதனதன் அறையில் போட்டுவிட்டு, ஸ்டிக்கைக் கவிழ்த்து வைத்தான். அடுத்த வாரமும் இதேதான், அதற்கடுத்த வாரமும் இதேதான். மூன்று எழுத்துக்கு மேல் போகவில்லை.

ஐந்தாவது வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏண்டா நிறுத்திட்டே?"

அவன் திடுக்கிடவில்லை. நான் தூங்கவில்லை என்று அவனுக்கு எப்போதும் தெரியும்.

"வர மாட்டேங்குதுண்ணே."

"ஏன் வராது? இப்ப யாரு உன்னைக் கேக்குறா? பத்திரிகையே போயிடுச்சு. உனக்காகப் போடு, போட்டுட்டுப் பிரிச்சுடு. முன்ன பண்ணலியா?"

"அப்படித்தான் பண்ணப் பாக்குறேன்," என்றான். கையில் ஒரு எழுத்தை உருட்டிக்கொண்டே நின்றான். "வைக்கும்போதே பின்னால ஆள் நின்னு படிக்கிற மாதிரி இருக்கு. நல்லா இருக்கா, போதுமா, இன்னும் கொஞ்சம் அழுகை வேணுமான்னு பாக்குற மாதிரி. கை ஓட மாட்டேங்குது."

"யாரு நிக்கிறா? முதலாளியா?"

"இல்லண்ணே."

"ஊர்ச் சனமா? அவங்கல்லாம் கப்பலேறிப் போயாச்சுடா."

"ஆமாண்ணே, அவங்க போயிட்டாங்க." எழுத்தை அறையில் போட்டான். என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கதாண்ணே," என்றான்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தேன். நாலு வருஷம் அவன் எனக்குக் காட்டியபோதெல்லாம் நான் பார்த்தேன், அப்போது அது அவனைத் தடுக்கவில்லை. நான் சிரித்தேன், அவன் பிரித்தான். பூச்சாடிக் கட்டையை எடுக்காமல் விட்ட அன்றிலிருந்துதான் நான் அவனுக்குப் பின்னால் நிற்கிறவன் ஆனேன்.

"நான் வேணும்னா வெளியே போய்ப் படுத்துக்கிறேன்," என்றேன்.

"வெளியே இருக்கீங்கன்னு தெரியுமேண்ணே," என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். கை வலி, இனி மெஷின் சக்கரத்தைச் சுற்ற முடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். ஊரில் வேலைக்கு ஆலாய்ப் பறக்கிற நேரத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு ரோசலின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உண்மைக் காரணத்தை அவளிடம் சொன்னபோது, சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு துறைமுகக் கிடங்கு ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. சூலியா தெரு வழியாகப் போனால் பக்கம்தான். நான் கடற்கரைச் சாலையைச் சுற்றிப் போவேன்.

போன வாரம் சவ்ராஸ்தா பாசாரில் இஸ்மாயிலைப் பார்த்தேன். கூடையில் கீரையும் கருவாடும் வைத்திருந்தான். தலை நரைத்துவிட்டது. இன்னும் அங்கேதான் எழுத்துக் கோக்கிறேன், முதலாளிக்குத்தான் கண் தெரிவதில்லை என்றான். ஜன்னத்துக்கு முட்டி வலி என்றான். என் கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான், பரவாயில்லை என்றேன். கருவாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன், நன்றாக இருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கப் பார்த்தான்.

வியாழக்கிழமை மதியத்தில் என்ன செய்கிறான் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. தெரிந்துகொள்ளாமல் செத்துப்போவேனோ என்றுகூட இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேட்க வேண்டும். நான் கேட்டால், அந்த மதியப் பாட்டு திரும்பி வந்திருந்தாலும் அன்றோடு நின்றுவிடும்.

கீரை வாடிவிடும், வீட்டுக்குப் போ என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன்.